எத்தனை டிகிரி வரை நல்லவர்?

ரஷ்யாவின் சைபீரியாவில் யாகுட்ஸ்க் என்று ஒரு நகரம். மூன்று லட்சத்துக்கும் மேல் ஜனங்கள். ஆபீஸ், காலேஜ், தியேட்டர், டிராஃபிக் ஜாம் எல்லாம் உண்டு. ஜனவரியில் அங்கே சராசரி வெப்பநிலை மைனஸ் 40 டிகிரியை ஒட்டி இருக்கும். சராசரியே இப்படி. அதே மாகாணத்தில் ஒய்மியாகோன் என்ற ஊரில் 1933 பிப்ரவரியில் மைனஸ் 67.7 டிகிரி பதிவாகியிருக்கிறது. 20 டிகிரி வந்தாலே மங்கி குல்லா மாட்டிக்கொண்டு வாக்கிங் கிளம்புகிறவர்கள் நாம். இருந்தாலும் கொஞ்ச நேரம் அந்த ஊருக்குப் போய்வரலாம், வாருங்கள்.

அங்கே கார் வைத்திருப்பது கைக்குழந்தையை வைத்திருப்பது மாதிரி. இரவில் சூடேற்றிய கராஜில் படுக்க வைக்க வேண்டும். கராஜ் இல்லாதவர்கள் தடிமனான போர்வை போர்த்துவார்கள். கடைக்குள் போய் ரொட்டி வாங்கி வருகிற நேரத்துக்குக்கூட இன்ஜினை அணைக்க மாட்டார்கள். ஜன்னல் கண்ணாடியின் மேல் இன்னொரு கண்ணாடி ஒட்டியிருக்கும். இல்லாவிட்டால் உள்ளே விடும் மூச்சே பனியாகப் படிந்து வெளியே தெரியாது. இதில் ஒரு வேடிக்கை. பல ஆண்டுகளாக ஜப்பானிலிருந்து செகண்ட் ஹேண்டாக வந்து இறங்கிய கார்கள் அங்கே ஏராளம். அதனால் நம் ஊர் மாதிரியே வலது பக்க ஸ்டீயரிங்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் சொல்ல வந்தது இன்ஜினைப் பற்றி இல்லை. சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அடி வாங்கியே காலத்தை ஓட்டும் சஸ்பென்ஷனைப் பற்றி.

ஷாக் அப்ஸார்பர் ஒன்றும் பெரிய விஞ்ஞானம் கிடையாது. ஒரு குழாய். உள்ளே ஆயில். ஆயிலுக்குள் மேலும் கீழும் போய்வரும் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டைகள். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பிஸ்டன் நகர்கிறது. ஆயில் அந்த ஓட்டைகள் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. அந்தச் சிரமத்தில் குலுக்கலின் வேகமெல்லாம் சூடாக மாறிக் கரைந்துவிடுகிறது. வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்துக்குக் கார் பத்து முறை ஆடும். ஒரே ஆட்டத்தோடு அடக்குவதுதான் ஷாக் அப்ஸார்பரின் வேலை.

மைனஸ் 40-ல் இதற்கு என்ன ஆகிறது? மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்திருப்பீர்கள். ஷாக் அப்ஸார்பர் ஆயில் அந்த அளவுக்கு உறையாது; ஆனால் கூழ் மாதிரி கெட்டியாகிவிடும். ஓட்டை வழியே போக மறுக்கும். விளைவு, சஸ்பென்ஷன் இருந்தும் இல்லாத கதை. ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் நேராக உங்கள் முதுகெலும்பிடம் வந்து பேசும். உள்ளே அடைத்திருக்கும் நைட்ரஜன் வாயுவும் சுருங்கும். 20 டிகிரியில் இருந்த அழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, மைனஸ் 40-ல் காணாமல் போய்விடும்.

அதைவிட முக்கியம் ஆயில் சீல். பிஸ்டன் தண்டைச் சுற்றி இறுக்கமாகக் கவ்விக்கொண்டிருக்கும் ரப்பர் வளையம். தண்டு கொஞ்சம் அசைந்தாலும் கூடவே வளைந்துகொடுத்து ஒட்டிக்கொண்டிருப்பதுதான் அதன் குணம். சாதாரண சீல் ரப்பராக இருந்தால் கடும் குளிரில் இந்தக் குணம் போய்விடும். விறைத்துக்கொண்டு நிற்கும். தண்டுக்கும் சீலுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விழும். அது போதும், ஆயில் கசிய ஆரம்பித்துவிடும். வண்டி சூடானதும் சீல் பழையபடி இளகிக் கவ்விக்கொள்ளும். ஆனால் கசிந்த ஆயில் திரும்ப வராது.

கம்பெனி பொருத்தி அனுப்பும் பாகங்களுக்கு இந்தப் பரீட்சையெல்லாம் முன்கூட்டியே நடந்திருக்கும். ஸ்வீடனின் வட கோடியில் அர்யெப்லாக் என்று ஒரு சிற்றூர். குளிர்காலத்தில் பெரிய கார் கம்பெனிகளின் இன்ஜினீயர்கள் அங்கே போய்த் தங்கி, உறைந்த ஏரிகளின் மேல் வண்டி ஓட்டிப் பார்க்கிறார்கள். வாங்குபவர் ஒருநாளும் கேட்கப்போகாத கேள்விக்குப் பதில் தயாரித்து வைக்கும் வேலை அது.

சிக்கல், நாமாக வெளியில் வாங்கி மாட்டுவதில்தான். நம் சென்னை ஜி.பி. ரோட்டில் கார் அலங்காரச் சாமான் வாங்கியிருப்பீர்கள். உலகம் முழுக்க அப்படி ஒரு மார்க்கெட் உண்டு. காரைத் தரையோடு தாழ்த்திக் காட்ட ஒரு ஸ்பிரிங் செட். வளைவில் வண்டி சாயாமல் இருக்க ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ். பட்டனை அழுத்தினால் ஏறி இறங்கும் ஏர் சஸ்பென்ஷன். பார்க்க ஜோராக இருக்கும். இதில் பல, வெயில் அடிக்கும் நல்ல ரோட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. குளிர் வந்ததும் பாலியூரித்தேன் இறுகிக் கீச்சிடும். ஏர் சஸ்பென்ஷன் குழாய்க்குள் காற்றோடு போன ஈரம் வால்வில் ஐஸாகி அடைத்துக்கொள்ளும். தாழ்ந்த வண்டி தாழ்ந்தபடியே நிற்கும். வெளியில் வாங்குவதெல்லாம் மோசம் என்று அர்த்தமில்லை. குளிருக்கென்றே வேறு ரப்பர், வேறு ஆயில் போட்டுத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். 'எத்தனை டிகிரி வரை தாங்கும்?' என்று யார் கேட்கிறார்கள்? 'எத்தனை ரூபாய்?' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

என்னைப் போல காமர்ஸ் படித்தவர்களுக்கு இது பழக்கமான சமாசாரம். பேலன்ஸ் ஷீட்டில் சொத்து, கடன் எல்லாம் பளிச்சென்று இருக்கும். கடைசியில் பொடி எழுத்துக் குறிப்புகளில் 'கன்டின்ஜென்ட் லயபிலிட்டி' என்று ஒரு வரி வரும. இன்றைக்கு அது கடன் இல்லை. கோர்ட்டில் இருக்கும் ஒரு கேஸ் தோற்றுப்போனால் கடனாகிவிடும். குளிரில் ரப்பர் விறைப்பதும் அந்த மாதிரி பொடி எழுத்துச் சமாசாரம்தான். 30 டிகிரியில் எந்த மெக்கானிக்காலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது யாகுட்ஸ்கில் ஒருவருடைய காரில், ஆசையாக வாங்கி மாட்டிய ஷாக் அப்ஸார்பர் ஒரு ஜனவரிக் காலையில் கசிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இதை வைத்து ஒரு பட்டிமன்றமே நடத்தலாம். குற்றவாளி யார்? குளிரா, ரப்பரா, மாட்டியவரா?

குளிர்தான் என்று முதல் அணி சொல்லும். ஆனால் குளிர் எல்லா வண்டிக்கும் ஒரே குளிர்தானே? பக்கத்து வண்டி ஓடுகிறதே? ரப்பர்தான் என்று இரண்டாவது அணி சொல்லும். பாவம், ரப்பர் என்ன செய்யும்? இந்த டிகிரிக்குக் கீழே விறைப்பேன் என்பது அதன் பிறவி குணம். அது யாரையும் ஏமாற்றவில்லை. மூன்றாவது அணி பேசுவதற்கு முன்னால், ரப்பரை விட்டுவிட்டு மனிதர்கள் பக்கம் கொஞ்சம் போய்வருவோம்.

ஏனென்றால் நாமும் விறைக்கிறோம்.

1973-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி உண்டு. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஜான் டார்லி, டேனியல் பேட்ஸன் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. பாதிரியாராவதற்குப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சின்னப் பேச்சு பேச வேண்டும் என்றார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஓர் ஆள் வாசலில் சுருண்டு கிடந்து இருமி முனகுகிறான். அவன் ஆராய்ச்சியாளர்கள் ஏற்பாடு செய்த நடிகன். அது மாணவர்களுக்குத் தெரியாது.

உதவியது யார்? மதப்பற்று எப்படிப்பட்டது, எந்தத் தலைப்பில் பேசப்போகிறார் என்பதெல்லாம் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. வித்தியாசம் உண்டாக்கியது அவசரம். 'நிதானமாகப் போங்கள், நேரம் இருக்கிறது' என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். 'லேட்டாகிவிட்டது, ஓடுங்கள்' என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம். நல்ல சமாரியனைப் பற்றிப் பேச ஓடியவர்களிலேயே சிலர் அந்த ஆளைத் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறார்கள்!

அவர்கள் கெட்டவர்களா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிதானமாக அனுப்பியிருந்தால் அவர்களிலும் பலர் குனிந்து, 'என்னப்பா ஆச்சு?' என்று கேட்டிருப்பார்கள். அவசரம்தான் அவர்களுடைய மைனஸ் 40. நமக்கு வேறு வேறு பெயர்களில் அது வருகிறது. கடன், தூக்கமின்மை, பசி, அவமானம், வேலை போகுமோ என்ற பயம். ஒருவரை 'தங்கமான மனுஷன்' என்று நாம் சர்டிஃபிகேட் கொடுக்கும்போது, அது எத்தனை டிகிரியில் எடுத்த ரீடிங் என்று யாரும் குறிப்பிடுவதில்லை.

உடனே சில பேர் சந்தோஷப்படுவது தெரிகிறது. 'அப்படியானால் நான் கத்துவதற்கு நான் பொறுப்பில்லை சார், டார்கெட் டென்ஷன்தான் பொறுப்பு' என்று வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. கொஞ்சம் பொறுங்கள். இன்னொரு ரப்பர் கதை பாக்கி இருக்கிறது.

1986 ஜனவரி 28. அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 விநாடிகளில் வானத்திலேயே சிதறியது. உள்ளே ஏழு பேர். அதில் ஒருவர், விண்வெளியிலிருந்து குழந்தைகளுக்குப் பாடம் நடத்தப் போன கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை. காரணம், பக்கத்து ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம். ஷாக் அப்ஸார்பர் சீலுக்கு நடந்த அதே கதைதான். குளிரில் விறைத்தது, இடைவெளியை அடைக்கவில்லை, சூடான வாயு கசிந்தது. சில நாட்கள் கழித்து, விசாரணைக் கமிஷனில் இருந்த விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபெயின்மன் அதே ரப்பரில் ஒரு துண்டைக் கிளாம்பில் நசுக்கி, ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டு எடுத்துக் காட்டினார். நசுங்கினது நசுங்கினபடியே இருந்தது. டி.வி-யில் ஊரே பார்த்தது.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ரப்பர் விறைத்தது இல்லை. அது விறைக்கும் என்று முந்தின இரவே தெரியும். ராக்கெட்டைச் செய்த கம்பெனியின் இன்ஜினீயர்கள், '12 டிகிரிக்குக் கீழே போனால் கிளப்ப வேண்டாம்' என்று டெலிபோன் மாநாட்டில் மன்றாடினார்கள். ரோஜர் பாய்ஜோலி என்ற இன்ஜினீயர் 1985 ஜூலையிலேயே எழுத்தில் எச்சரித்திருந்தார். ஏற்கெனவே தேதி பலமுறை தள்ளிப்போயிருந்தது. நாஸாவின் நெருக்கடி. கம்பெனி நிர்வாகிகள் இன்ஜினீயர்களின் பேச்சை ஒதுக்கிவிட்டு 'கிளப்பலாம்' என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை கிளம்பும்போது காற்றின் வெப்பநிலை சுமார் 2 டிகிரி.

இப்போது பட்டிமன்றத்துக்குத் திரும்பலாம். ரப்பருக்குத் தன் டிகிரி தெரியாது. தெரிந்தாலும் சொல்ல வாய் கிடையாது. மனிதனுக்கு இரண்டும் உண்டு. என் தீர்ப்பு இதுதான்: விறைப்பது குற்றமில்லை. விறைக்கும் என்று தெரிந்தபிறகு அதன்மேல் பாரம் ஏற்றுவது குற்றம். ஏற்றியது அடுத்தவராக இருந்தாலும் சரி, நாமே நம்மேல் ஏற்றிக்கொண்டதாக இருந்தாலும் சரி.

இதை ராக்கெட்டிலிருந்து இறக்கி, வீட்டுக்குக் கொண்டுவருவோம்.

நீங்கள் பார்த்திருக்கக்கூடிய வீடுதான். படுத்த படுக்கையாக ஒரு மாமனார். பக்கவாதம். கவனித்துக்கொள்வது மருமகள். முதல் மாதம் எல்லோரும் பாராட்டினார்கள். ஆறாவது மாதம் ஓர் இரவு மூன்று மணிக்கு, நாலாவது முறையாகப் படுக்கை விரிப்பு மாற்றும்போது, அவள் ஒரு கடுஞ்சொல் சொல்லிவிடுகிறாள். பெரியவர் காதில் விழுந்துவிடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வரும் நாத்தனார் காதுக்கும் போய்விடுகிறது. 'எனக்கு அப்பவே தெரியும். அவ சுபாவமே அப்படித்தான்' என்கிறார் நாத்தனார்.

சுபாவமா? நாத்தனார் வந்துபோகும் ஞாயிற்றுக்கிழமை மதியம் 27 டிகிரி. அவள் நின்றுகொண்டிருப்பது மைனஸ் 40-ல். ஆறு மாதமாகத் தூக்கமில்லை என்று அவள் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். 'இன்னும் கொஞ்ச நாள் சமாளிம்மா, ஒரு ஆள் போடலாம்' என்று அவர் தேதி தள்ளியிருக்கிறார். ஆள் போட்டால் மாதம் இவ்வளவு செலவாகும் என்று கணக்குப் பார்த்திருக்கிறார். 1986 ஜனவரி 27-ம் தேதி இரவு டெலிபோன் மாநாட்டில் உட்கார்ந்திருந்த நிர்வாகிகளுக்கும் இவருக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எச்சரிக்கை வந்தது. கேட்டார்கள். 'கிளப்பலாம்' என்றார்கள். அவர் வாய் திறந்து ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. ஊரில் அவருக்குத் தங்கமான மனுஷன் என்று பெயர். அந்த இரவின் கணக்கில் பெரிய பங்கு அவருடையது.

அதற்காக அந்தச் சொல் காற்றோடு போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். கசிந்த ஆயில் திரும்ப வராது. படுக்கையில் கிடக்கும் பெரியவர் அதை இன்னும் நினைத்துக்கொண்டுதான் இருப்பார். மறுநாள் காலை அவள் மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான், கேட்டும் இருப்பாள். ஆனால் சீல் கிழிந்துவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிவதற்கும், குளிரில் விறைத்தது என்று புரிந்துகொண்டு கதகதப்பான இடத்தில் நிறுத்துவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டு ராத்திரி அவளைத் தூங்கவிட்டுப் பாருங்கள். பழையபடி இளகிவிடுவாள். இளகாவிட்டால் அப்புறம் சுபாவத்தைப் பற்றிப் பேசலாம்.

'எல்லாம் சரி, நம்மை நாம் என்ன செய்வது?' என்பீர்கள். கடும் குளிரில் வண்டி ஓட்டுகிறவர்களிடம் கற்றுக்கொள்ள ஒரு பழக்கம் இருக்கிறது. காலையில் கிளம்பியதும் முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போவார்கள். பள்ளம் மேடு பார்த்து இறக்கி ஏற்றுவார்கள். இன்ஜின் சூடாகிவிட்டதே என்று ஏமாற மாட்டார்கள். இன்ஜின் சூடானாலும் ஷாக் அப்ஸார்பர் ஆயில் சூடாகியிருக்காது. அதற்கு வெளியிலிருந்து ஹீட்டர் கிடையாது. மெதுவாக அசைந்து அசைந்து, தன் உழைப்பிலேயே அது சூடேறி இளக வேண்டும். அந்தச் சில கிலோமீட்டர் பொறுமை இல்லாதவர்கள்தான் சீலைக் கிழித்துக்கொள்கிறார்கள்.

நமக்கும் நம் நேரம் தெரியும். சிலருக்கு மாதக் கடைசி வாரம். சிலருக்கு ஆபீஸிலிருந்து வீட்டுக்குள் நுழைந்த முதல் அரை மணி நேரம். சிலருக்குக் குறிப்பிட்ட ஒரு சொந்தக்காரரிடமிருந்து போன் வந்த பிறகு. 'அந்த நேரத்தில் நான் நல்லவனாக இருப்பேன்' என்று சபதம் எடுப்பது வெயிலில் நின்றுகொண்டு குளிரை ஜெயிப்பதாகச் சொல்வது மாதிரி. அதைவிட உருப்படியானது, அந்த அரை மணி நேரத்தில் பையனின் ரேங்க் கார்டைக் கையில் வாங்காமல் இருப்பது. 'அப்பா குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன்டா' என்று சொல்ல ஐந்து விநாடி ஆகாது. கெட்டிக்காரத்தனம் என்று இதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். என்னைக் கேட்டால் அறத்தில் பாதி இதுதான். தன் டிகிரியைத் தெரிந்துவைத்திருப்பது, அதை வாய்விட்டுச் சொல்வது, அடுத்தவர் சொன்னால் அதை நம்புவது. இந்த மூன்றில் கடைசிதான் கஷ்டம். 'என்னால முடியலை' என்று ஒருவர் சொல்லும்போது, அவர் சோம்பேறி என்றோ நடிக்கிறார் என்றோ நினைத்துவிடுவது நமக்கு வசதி. செலவு மிச்சம்.

பாய்ஜோலி 2012-ல் காலமானார். அன்றைய இரவு அவர் சொன்னது எடுபடவில்லை. பிற்காலத்தில் அவர் கல்லூரிகளுக்குப் போய், வருங்கால இன்ஜினீயர்களிடம் அந்த இரவைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசினார்.

உங்கள் வீட்டிலும் ஆபீஸிலும் யாரோ ஒருவர் இந்த மாதம் எச்சரித்திருப்பார். சத்தமாகக்கூட இருந்திருக்காது. சாம்பார் பரிமாறிக்கொண்டே, லிஃப்ட்டுக்குக் காத்துக்கொண்டே, 'ரொம்ப அசதியா இருக்குங்க' என்று சொல்லியிருப்பார். நீங்கள் 'ம்' என்று சொல்லியிருப்பீர்கள். யார் அவர் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முடிந்தால் இன்றைக்கே கேளுங்கள்.